ரெஜினா வீட்டுத் தொட்டித் தண்ணீர்

ரெஜினா டீ போட அடுப்படிக்குள் போனதும் கைப்பையைத் திறந்து காலி பாட்டிலை எடுத்தேன். ஹாலில் யாரும் இல்லை. மீன் தொட்டியின் மூடியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு பாட்டிலை உள்ளே அமுக்கினேன். அது குடுகுடுவென்று சத்தம் போட்டுக்கொண்டு நிறைந்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே கூடிவிடும் போலிருந்தது. சாப்பாடு போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து கப்பி மீன்கள் என் விரலைச் சுற்றி வந்து கொத்தின. கறுப்பு மாலி மீன் ஒன்று மட்டும் ஒதுங்கி நின்று என்னையே பார்த்தது.

"அக்கா, சீனி எவ்வளவு போட?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கம்மியாப் போடு," என்றேன்.

மூடியைத் திருகி, பாட்டிலைப் பைக்குள் தள்ளி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையெல்லாம் பாசி வாடை. மேசை மேல் நான் வாங்கிக்கொண்டு போன மக்ரூன் பொட்டலம் இருந்தது. வெறுங்கையோடு போனால் எதற்கு வந்தாள் என்று யோசிப்பாளே, அதற்காக வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அதே பூசைச் சேலையோடு, ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி செய்கிற காரியமா இது? செய்தேன்.

ரெஜினா யார் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. முத்தையாபுரத்தில் எங்கள் வீடு தெருவின் தலைப்பில் இருக்கிறது, அவள் வீடு அதே தெருவின் கடைசியில். இந்தத் தொடரில் போன வாரம் என் மாமனாரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு போன் செய்தாள். "எல்லாரப் பத்தியும் எழுதுங்கக்கா, என்னப் பத்தி மட்டும் எழுதிராதீங்க," என்றாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

மீன் மேல் பொறாமை

என் வீட்டுக்காரர் சகாயம் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து வருவதும் போவதுமாகத்தான் இருந்தார். லீவில் வந்தால் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார், கறியும் மீனுமாக ஆக்கிப் போடுவேன், அவரைப் பற்றித் தெரிந்துகொள்வதற்குள் பெட்டியைக் கட்டிவிடுவார். பிள்ளைகள் வளர்ந்ததும் படித்ததும் வெளியூர் போனதும் எல்லாம் என் தலையில்தான் நடந்தது. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஒரே ஒரு ஆசை மட்டும் வைத்திருந்தேன். இந்த மனுஷன் வேலையை விட்டு வந்த பிறகு, நான் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வரும்போது வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். டீ போட்டுக் குடித்துக்கொண்டு இரண்டு பேரும் எதையாவது பேச வேண்டும். அவ்வளவுதான்.

வந்தார். ஒரேயடியாக வந்துவிட்டார். ஆனால் நான் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். சாவி ஜன்னலில் இருக்கும். அவர் தெருக் கடைசியில், ரெஜினா வீட்டு மீன் தொட்டி முன்னால் பனியனோடு உட்கார்ந்திருப்பார்.

உடனே கற்பனைக் குதிரையைத் தட்டிவிடாதீர்கள். அந்த மாதிரிச் சந்தேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. என் கொழுந்தன் இன்னும் கப்பலில்தான் இருக்கிறார். ரெஜினா தன் பாட்டுக்கு அடுப்படியில் வேலையாக இருப்பாள், இவர் தன் பாட்டுக்கு மீனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவு தெருவைப் பார்க்கத் திறந்தே கிடக்கும். எனக்குப் பொறாமை அந்த மீன்கள் மேல்.

வீட்டில் நான் என்ன கேட்டாலும் "ம்" என்பார். குழம்பு எப்படி இருக்கிறது, ம். மூத்தவன் போன் பண்ணினானா, ம். அதே மனுஷன் ஒருநாள் ரெஜினா வீட்டிலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னார்.

"ஏளா, அந்தச் செவல கப்பி குட்டி போட்ருச்சு. கண்ணு மட்டுந்தான் தெரியுது. என்னா ஓட்டம் ஓடுதுங்க."

என் பிள்ளைகள் பிறந்த செய்தியைக் கேட்டபோது கூட இவர் இவ்வளவு பேசவில்லை. வயிறு எரிந்தது. அந்த வாரமே கலர் மீன் கடைக்குப் போய், ரெஜினாவுடையதை விடப் பெரிய தொட்டியாகப் பார்த்து வாங்கினேன். லைட், காற்று விடுகிற மோட்டார், அடியில் போட வெள்ளைக் கல், பச்சைப் பிளாஸ்டிக் செடி எல்லாம் சேர்த்து. அவர் நாற்காலியைத் தூக்கி அதற்கு முன்னால் போட்டேன்.

தண்ணி நாள்

எங்கள் பக்கம் வெளியூர்க்காரர்கள் வந்தால் ஒன்று புரியாமல் முழிப்பார்கள். கடலை ஒட்டிய ஊர், எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், ஆனால் வீட்டுக்குள் தண்ணீரைப் பற்றித்தான் ஓயாத பேச்சு. போர் போட்டால் உப்பு. அது துணி துவைக்கவும் கழுவி விடவும்தான் ஆகும். நல்ல தண்ணி குழாயில் சில நாளுக்கு ஒருமுறை வரும். அன்றைக்குத் தண்ணி நாள். அன்றைக்குக் கல்யாணம் என்றால் கூடப் பாதித் தெரு தாமதமாகத்தான் போகும்.

என் வீட்டில் தண்ணி நாளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. புதுத் தண்ணி வந்ததும் டிரம்மிலும் அண்டாவிலும் மிச்சம் இருக்கிற பழசை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிட வேண்டும். கழுவிக் கவிழ்த்து, பிறகுதான் புதுசு. பழைய தண்ணியை வைத்துக்கொண்டிருப்பது சோம்பேறிகளின் வேலை என்பது என் எண்ணம். தெருத் தலைப்பில் வீடு, மோட்டார் வேறு போட்டிருக்கிறோம், எனக்கென்ன பஞ்சம். யார் வந்து ஒரு செம்பு தண்ணி கேட்டாலும் "இன்னைக்கு வந்த தண்ணி, குடிங்க" என்று சொல்லிக் கொடுப்பதில் எனக்கு ஒரு பெருமை.

காலையில் தண்ணீர் வரும். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடும். "பழசக் கொட்டிட்டுப் புடிங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். "ம்" என்பார்.

அப்படிப்பட்டவள் மீனுக்கு மட்டும் பழசை ஊற்றுவேனா? தண்ணி நாள் பார்த்துத்தான் தொட்டியை நிரப்பினேன். குழாயில் வந்து விழுந்த சூடு ஆறாத புதுத் தண்ணி. அன்று சாயங்காலமே கப்பியும் மாலியுமாக வாங்கி விட்டேன்.

மறுநாள் காலையில் எல்லாம் மல்லாந்து மிதந்தன.

சகாயம் வந்து பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து முருங்கை மூட்டில் புதைத்தார். சாயங்காலம் நான் வரும்போது சாவி ஜன்னலில் இருந்தது.

மறுபடி வாங்கினேன். மறுபடி தண்ணி நாள், மறுபடி புதுத் தண்ணி. சாகும் முன்னால் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. குழாய்த் தண்ணியில்தான் கோளாறு என்று நினைத்து அடுத்த முறை கேன் தண்ணி வாங்கி ஊற்றினேன். அதில் சில நாள் இருந்தன, சோர்ந்து மூலையில் ஒதுங்கி, பிறகு அவையும் போயின. உப்புச் சத்தே இல்லாமல் வடித்த அந்தத் தண்ணியும் மீனுக்கு ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. முருங்கை மட்டும் அந்த வருஷம் நன்றாகக் காய்த்தது.

ரெஜினா வீட்டிலோ குட்டி போட்ட கப்பிகள் வளர்ந்து அவையும் குட்டி போட்டன. இவளும் இதே தெரு, இதே குழாய். எந்த மருந்தையோ ஊற்றிக்கொண்டு சொல்லாமல் மறைக்கிறாள் என்று எனக்கு உறுதியாகப்பட்டது.

"மீனுக்கு என்ன ஊத்துற?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"தண்ணிதான்க்கா," என்றாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

கொற்கையில் நின்றபோது

இதற்கிடையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்காக நாங்கள் இருவரும் கொற்கைப் பக்கம் போனோம். பெரிய துறைமுகமாக இருந்த ஊர், முத்து வாங்க எங்கிருந்தோ எல்லாம் ஆள் வந்த ஊர் என்பார்கள். இப்போது போனால் வாழையும் வயலும்தான். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டு வரப்பில் நின்றோம். இவருடைய முன்னோர் சிப்பி எடுக்க மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கியவர்கள். அந்த நினைப்போ என்னவோ, அதிசயமாக வாயைத் திறந்தார்.

"இங்கனதான் கடல் இருந்துருக்கு பாத்துக்க. அப்படியே வெலகிப் போயிருச்சு."

"எவளாவது ஒருத்தி கண்ணு வச்சிருப்பா," என்றேன்.

சிரித்தார். எனக்கு அன்றைக்கு முழுக்க நன்றாக இருந்தது. திரும்பி வந்து பஸ் இறங்கியதும், "நீ போய்க்கிட்டு இரு, நான் மீனப் பாத்துட்டு வாரேன்," என்று தெருக் கடைசிக்கு நடந்தார். எனக்கு வந்ததே கோபம். அந்தக் கோபத்தில்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மக்ரூனும் காலி பாட்டிலுமாகக் கிளம்பினேன்.

பாஸும் பெயிலும்

நான் வேலை பார்ப்பது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆபீசில். வருகிற கப்பல்களுக்குக் குடிதண்ணீர் ஏற்றிவிடுவதுதான் எங்கள் வேலை. ஏற்றும் முன் தண்ணீரைச் சோதிப்பார்கள். பையன்கள் சோதித்துச் சொல்லுவார்கள், நான் டைப் அடித்துப் பாஸ் என்றோ பெயில் என்றோ போடுவேன். அந்தச் சோதனைப் பெட்டி ஒன்றைத் திங்கட்கிழமை திருப்பித் தந்துவிடுகிறேன் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

ரெஜினா வீட்டிலிருந்து திரும்பியதும் சாப்பாட்டு மேசையில் கடை விரித்தேன். இந்தப் பக்கம் என் டிரம்மில் புதிதாகப் பிடித்த தண்ணீர், அந்தப் பக்கம் திருட்டுத் தண்ணீர். மத்தியானத் தூக்கம் கலைந்து வந்த சகாயம் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"என்னளா பண்ணுத?"

"தண்ணி பாக்கேன். அந்த பாட்டில்ல இருக்கது ரெஜினா வீட்டுத் தொட்டித் தண்ணி."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. முதலில் தண்ணீரின் அமிலத் தன்மையைப் பார்த்தேன், இரண்டும் ஏறக்குறைய ஒன்று. உப்பும் அப்படித்தான். கடைசியில் குளோரின். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டுவிட்டால், குளோரின் இருக்கிற தண்ணீர் மஞ்சளாகும். என் தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானது. அவளுடையது அப்படியே நின்றது. குலுக்கிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளி நிறம் இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் டைப் அடித்த கைக்குத் தெரியாதா? குளோரின் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் பெயில். குளோரின் இல்லாத தண்ணீரை எந்தக் கப்பலிலும் ஏற்றமாட்டார்கள். என் தண்ணீர் பாஸ். அவள் தண்ணீர் பெயில்.

பெயில் தண்ணீரில் மீன் எப்படித் துள்ளுகிறது, பாஸான தண்ணீரில் ஏன் செத்தது என்று கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பொறாமை வந்தால் கணக்கு வராது என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. இரண்டு கண்ணாடிக் குழாயையும் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடந்தேன். "ஏளா, நில்லு" என்று சகாயம் பின்னாலேயே வந்தார்.

ரெஜினா வாசலில் மீன் வெட்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். இது குழம்பு வைக்கிற மீன்.

"ஒன் தொட்டித் தண்ணியில குளோரினே இல்ல ரெஜினா. பெயிலு. இந்தா பாரு. ஒரு கப்பல்ல கூட இத ஏத்த மாட்டாங்க."

அவள் கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்க தொட்டித் தண்ணிய எப்பக்கா எடுத்தீங்க?"

கையிலிருந்த கண்ணாடிக் குழாய்களை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தேன். அந்த நேரத்தில் பின்னாலிருந்து சகாயம் சொன்னார்.

"அது அவ தண்ணி இல்ல. நம்ம வீட்டுத் தண்ணிதான்."

கொட்டின இடம்

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். அவர்தான் சொன்னார். இத்தனை மாதமாக "ம்" மட்டும் சொன்னவர் நடுத்தெருவில் நின்று சொன்னார்.

"நீ பழசக் கொட்டச் சொல்லிட்டுப் போவ. அண்டா நெறையக் கெடக்கும், நல்ல தண்ணி. கப்பல்ல சுத்தியும் கடலு, குளிக்க ஒரு பக்கெட் நல்ல தண்ணிக்கு நாங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். அதச் சாக்கடையில கொட்ட எனக்குக் கை வரல. இங்கன கடைசி வீட்டுக்கு நூல் மாதிரிதான் தண்ணி வருது. கொடத்துல மொண்டு, டிவிஎஸ்ல வச்சு, இங்கன கொண்டாந்து ஊத்திருவேன்."

"அந்தத் தண்ணிதான்க்கா தொட்டிக்கும்," என்றாள் ரெஜினா. "குடிக்கதுக்கு எங்க கொழாயில வாரது போதும். மத்ததுக்கெல்லாம் அத்தான் கொண்டு வாரதுதான்."

எனக்கு அப்போதுதான் தலைக்குள் விளக்கு எரிந்தது. குளோரின் போடுவது கிருமியைக் கொல்ல. மனுஷன் குடிக்க அது வேண்டும். கிருமியைக் கொல்லுகிற மருந்து செவுளால் மூச்சு விடுகிற கப்பியை விட்டுவைக்குமா? என் வீட்டில் பல நாள் கிடந்து, குடத்தில் குலுங்கி, அவள் டிரம்மில் விழுந்து, அங்கேயும் திறந்து கிடந்து, அதிலிருந்த குளோரின் எல்லாம் பறந்து போயிருக்கிறது. நான் மரியாதை செய்வதாக நினைத்து ஊற்றிய புதுத் தண்ணீர் மீன்களைக் கொன்றது. நான் கேவலம் என்று கொட்டச் சொன்ன தண்ணீரில் இங்கே மீன் குட்டி போட்டிருக்கிறது.

இது தெரிந்ததும் பொறாமை அடங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, கூடிவிட்டது. என் புருஷன்தான் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தார் என்றால், என் தண்ணீரும் அங்கேதான் இருந்திருக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?" என்று அவளிடம் பாய்ந்தேன்.

ரெஜினா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் என்னை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

"எப்படிக்கா கேக்க? தண்ணி நாளன்னைக்கு ஒங்க மோட்டார் ஓடுத சத்தம் இங்கன வரைக்கும் கேக்கும். நான் சொட்டுச் சொட்டா வாரதப் பாத்துக்கிட்டு உக்காந்துருப்பேன். ஒங்க வாசல்ல தண்ணி கழுவி ஓடும். அதப் பாத்தா எனக்கு வயிறு எரியும்க்கா. வயிறு எரியிறவ எந்த மொகத்த வச்சிக்கிட்டு வந்து கேப்பா?"

அவள் வயிறும் எரிந்திருக்கிறது. ஒரே தெருவில் அந்தக் கோடியில் ஒருத்தியும் இந்தக் கோடியில் ஒருத்தியும் எரிந்துகொண்டு இருந்திருக்கிறோம். திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து காலித் தொட்டிக்கு முன்னால் அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவர் நிலைப்படியில் நின்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டிருப்ப."

நிறுத்தியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை.

"சரி, தண்ணிய ஊத்துனீங்க. அதுக்குப் பெறகு எதுக்குத் தெனமும் போயி உக்காரணும்? அப்படி என்ன இருக்கு அங்கன?"

"நான் சொமந்துட்டுப் போன தண்ணியில ஒண்ணு உசுரோட ஓடுதுல்லா. அதப் பாக்கத்தான். இங்கன எனக்கு என்ன இருக்கு, கொட்டுறதத் தவிர?"

அழுகை வந்தது எனக்கு. கொஞ்சம் அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

நாற்காலி

அடுத்த தண்ணி நாள் காலையில் வாசலில் நின்று வழக்கம்போல் "பழச" என்று ஆரம்பித்துவிட்டேன். பிறகு நிறுத்திக்கொண்டேன்.

"பழசக் கொட்டாதீங்க. ரெஜினாவுக்குக் கொண்டு போறதக் கொண்டு போங்க. மிச்சத்தத் தொறந்து வைங்க. தொட்டிக்கு எந்தத் தண்ணி, எப்ப ஊத்தணும், என்ன மீன் விடணும், எல்லாம் ஒங்க பாடு. நான் தலையிட மாட்டேன்."

"ம்," என்றார். ஆனால் அது வேறு "ம்".

அவசரப்படவில்லை அவர். தண்ணீரை அகல வாய் டிரம்மில் நாள் கணக்கில் வைத்திருந்தார். ஆபீஸ் பெட்டியைக் கேட்டு வாங்கி, மருந்தைச் சொட்டிச் சொட்டிப் பார்த்தார். நிறம் வராமல் நிற்கிற அன்றைக்குத்தான் தொட்டியை நிரப்பினார். நான் பெயில் என்று போடுகிற தண்ணீரைப் பார்த்துப் பார்த்து நிரப்பினார். அந்தக் குளோரினை எடுக்கக் கடையிலேயே ஒரு சொட்டு மருந்து விற்கிறது என்று பிறகு தெரிந்தது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். மீன்களும் அவரே போய் வாங்கினார், கொஞ்சமாக.

அவை மறுநாளும் உயிரோடு இருந்தன. அதற்கு மறுநாளும். ஒரு சாயங்காலம் நான் பஸ் இறங்கி வரும்போது ஜன்னலில் சாவி இல்லை. கதவு திறந்திருந்தது. பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, சத்தம் போடாம வா. இந்த மாலி கல்லுக்குள்ள பூந்துகிட்டு வெளிய வர மாட்டங்கு."

பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மாலி கல்லிடுக்கிலிருந்து வாலை மட்டும் ஆட்டியது. டீ கூடப் போடவில்லை. அதைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்படியே ஒரு மாதம் போயிருக்கும். தண்ணி கொண்டுபோய் ஊற்றுகிற நாள் தவிர அவர் தெருக் கடைசிக்குப் போகவில்லை. ஒரு சாயங்காலம் வாசலில் நிழல் தட்டியது. ரெஜினா. கையில் மக்ரூன் பொட்டலம், தோளில் பை.

"அத்தான் தண்ணிய ஊத்துன கையோட ஓடிருதாங்களே, என்னன்னு பாக்க வந்தேன்," என்றாள். பேச்சு என்னிடம் இருந்தாலும் கண் நாற்காலியில் இருந்தது. பிறகு தொட்டியில். எங்கள் கப்பிகள் அவள் கப்பிகளை விடப் பெரிதாக வளர்ந்திருந்தன என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அவள் உதட்டை மடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ மாதம் அதே முகத்தை வைத்துக்கொண்டு அவள் வாசலைக் கடந்து போயிருக்கிறேன்.

பாவமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"வா ரெஜினா, உக்காரு. டீ போடுதேன்," என்று அவள் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். அடுப்படிக்குப் போகும்போது, அவள் பைக்குள் காலி பாட்டில் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேதான் போனேன்.